மாடிக் கயிறு

மாமியாருக்கு மொட்டைமாடிக் கயிறுதான் செய்தித்தாள். காலையில் டீ குடித்த கையோடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் திட்டியபடி மேலே ஏறுவாள். என்ன துணி காய்கிறது, யாருடையது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், வீட்டு நடப்பு முழுவதும் அவள் கைக்கு வந்துவிடும். எந்தப் பேரன் படுக்கையை நனைத்தான், எந்த மகன் சட்டை கிழிய யாரோடு சண்டை போட்டான் என்பதெல்லாம் அவளிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். பெரியவளின் கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். எப்போதாவது வந்து, இரண்டு நாள் தூங்கிவிட்டு, மறுபடி கிளம்பிவிடுவான். சின்னவளின் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே லாண்டரியில் வேலை செய்தார்கள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அனுப்பும் இடம் அது. பெரியவளுக்கு இஸ்திரி ரோலர். சின்னவளுக்குக் கறை மேசை. எந்தத் துணியில் என்ன கறை என்று பார்த்துப் பிரித்துப் போட வேண்டும்.

கிழிந்த விரிப்புகளை ஓட்டல்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவற்றைச் சூப்பர்வைசர் பெண்களுக்கே கொடுத்துவிடுவார். நாள் முழுக்க விசில் ஊதிக்கொண்டு திரிவதால் அவருக்கு விசில் என்றே பெயர். பலமுறை துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன அந்தத் துணியைப்போல மாதவிலக்குக்கு வேறு எதுவும் வராது. பெரியவள் கோடு போட்ட விரிப்பைக் கிழித்து வைத்துக்கொள்வாள், சின்னவள் வெள்ளையை. கயிற்றில் கோடு தொங்கினால் பெரியவள், வெள்ளை தொங்கினால் சின்னவள். மாமியாருக்கு இது மனப்பாடம்.

வெள்ளையைத்தான் அவள் கவனித்தாள். பெரியவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். அவள் கருத்தடை ஊசி போட்டுக்கொள்வது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சின்னவளுக்கு ஒரு பெண் மட்டும். அடுத்தது ஆண் குழந்தை, செத்துப் பிறந்தது. அந்தப் பிரசவத்தில் அவளும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள். யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றித்தான் எழுப்பி உட்கார வைத்தார்கள். உடனே இன்னொன்று வேண்டாம், கருப்பை தாங்காது என்று டாக்டர் அவள் கணவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். அவன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும், "எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான்.

கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டான், மகளைத் தோளிலிருந்து இறக்க மாட்டான். ஆனால் பெட்டிக்குள் வைத்துத் தன் கையில் கொடுத்த அந்தக் குழந்தையை அவனால் மறக்க முடியவில்லை. "எனக்குத் தெரியாம ஊசி கீசின்னு போய் நின்னே, அன்னிக்கே உன் மூட்டை வாசல்ல இருக்கும். பொண்ணு இங்கதான் இருப்பா" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னான். கத்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

பெரியவள்தான் அவளை நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நர்ஸ் லாண்டரிக்கு வருவார். சக்கரம் போன தள்ளுவண்டிகளைப் போட்டு வைக்கும் அறையில், ஓட்டல் விரிப்பு ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொண்டு ஊசி போடுவார். "போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க. முதல் சில மாசம் விட்டு விட்டு ரத்தம் போகும், பயப்படாதீங்க. அப்புறம் நின்னுடும். ஆனா நின்னு போனவங்களுக்கு மறுபடி வர ஆரம்பிச்சா, நாத்தம் அடிச்சா, கண்டிப்பா என்கிட்ட சொல்லணும்" என்று ஒவ்வொரு முறையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். அதில் முதல் பாதி லாண்டரியில் எல்லாருக்கும் மனப்பாடம்.

சின்னவளுக்கு இரண்டாவது ஊசியோடு மாதவிலக்கு நின்றுபோனது. அங்கேதான் வம்பு பிடித்தது. கயிற்றில் வெள்ளை இல்லை என்றதும் மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. சின்னவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. குடத்தைத் தூக்கப் போனால் மாமியார் பிடுங்கிக்கொண்டாள். கணவன் மகளிடம், "தம்பிப் பாப்பாக்கு என்ன பேரு வெப்போம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், சின்னவள் ரோலருக்குப் பின்னால் போய்ப் பெரியவளிடம் அழுதாள்.

"அத்தை என் வயித்தையே பாக்கறாங்க அக்கா."

"பாக்கட்டும். வயிறு என்ன டிவியா, பாத்துக்கிட்டே இருந்தா படம் ஓட?"

"விளையாடாதீங்க. வாரக் கடைசில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்களாம். அங்க போனா எல்லாம் வெளிய வந்துடும்."

"விளையாடலடி, யோசிக்கிறேன். யோசிக்கறப்போ என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்." சோற்று டப்பாவை மூடி வைத்தாள் பெரியவள். "உன் வெள்ளைத் துணி நாலஞ்சு எடுத்துக் குடு."

"எதுக்கு?"

"எனக்குத்தான் இப்ப மறுபடி வந்து தொலையுதே. வருஷக்கணக்கா நிம்மதியா இருந்தேன், ஊசி மருந்து டப்பா மாறினதுலேர்ந்து ஆரம்பிச்சுடுச்சு. வீணாத்தானே போகுது? மாசத்துல நாலு நாள் உன் துணியைக் கட்டிக்கிறேன். அலசிக் குடுக்கிறேன், நீ கொண்டுபோய்க் காயப் போடு. முழுசா வெளுக்காதே. லேசா தடம் இருக்கணும், கிழவிக்குக் கண்ணாடி போடாமலே தெரியணும்."

சின்னவள் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். அந்த வாரக் கடைசியில் கயிற்றில் வெள்ளைத் துணி ஆடியது. மாமியார் கீழே இறங்கி வந்து, சோற்றுக் கரண்டியைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சின்னவளுக்கு அந்தப் பொய் உறுத்தியது. மறுமாதம் அவ்வளவாக இல்லை. பிறகு பழகிவிட்டது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு பெண்ணின் ரத்தத்தில் இரண்டு பெண்கள் வீட்டில் தலை நிமிர்ந்து நடமாடினார்கள். "இந்த மாசமும் இவளுக்கு டிக்கெட் கிடைக்கல அத்தை" என்று மாடியிலிருந்து பெரியவள் கத்துவாள். "உன் வாய்ல புண்ணு வெக்க" என்று மாமியார் கீழேயிருந்து பதில் கொடுப்பாள். அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

முதலில் நாலு நாளாக இருந்த ரத்தம், பிறகு விட்டு விட்டு மாதம் முழுக்க வந்தது. அத்தனை துணியும் கயிற்றில் ஏறினால் மாமியார் சும்மா இருக்க மாட்டாள், ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் கோட்டில் இரண்டு, வெள்ளையில் இரண்டு என்று அளவாக மாடிக்குப் போயின. மீதியைப் பெரியவள் லாண்டரியிலேயே பச்சைத் தண்ணீரில் அலசி, விசில் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, உலர்த்தும் மெஷினுக்குள் போட்டுவிடுவாள்.

அவள் இடுப்பு வலித்தது. ரோலர் முன்னால் நின்று நின்று அப்படி ஆகிவிட்டது என்றாள். உடம்பு இளைத்தது. "ஊசி போட்டா எல்லாரும் பூசினாப்ல ஆவாங்க. நான் மட்டும் தொடப்பக்குச்சி. எனக்குன்னு தண்ணி கலந்து போடறாங்களோ என்னவோ" என்றாள். ரோலர்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சின்னவளின் கைக்கு உலகத்துக் கறையெல்லாம் வந்து போயிருக்கிறது. மது, தேநீர், மை, துரு, வாந்தி, எல்லாம். மாதவிலக்கு ரத்தம் எப்படி இருக்கும், மூக்கு உடைந்த ரத்தம் எப்படி இருக்கும் என்று பார்த்தவுடன் பிரித்துப் போடுவாள். ஒருநாள் பெரியவள் அலசிக் கொடுத்த வெள்ளைத் துணியை மாடியில் உதறும்போது ஒரு வாடை வந்தது. சோப்பையும் ப்ளீச்சையும் தாண்டி வந்த வாடை. தடத்தைச் சுற்றித் தண்ணீர் போன்ற ஒரு மஞ்சள் வளையம். ஆனாலும் துணியைக் கயிற்றில் காயப் போட்டாள்.

"அக்கா, நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" என்று மறுநாள் கேட்டாள்.

"சொன்னா ஊசிய நிறுத்துவாங்க. நின்னா ரத்தமும் நின்னுடும். அப்புறம் உன் வெள்ளைக்கு எங்க போவே, கசாப்புக் கடைக்கா?"

"நாத்தம் அடிக்குதுக்கா."

"லாண்டரில ரோஜாப்பூ வாசனையா வரும்? இந்த டப்பா மருந்து தீரட்டும்டி. அடுத்த டப்பால சரியாகிடும்."

அடுத்த ஊசி நாளில், திரைக்குள்ளிருந்து நர்ஸின் குரல் கேட்டது. "ரத்தம் கித்தம் போகுதாம்மா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர், பாலைவனம்" என்றாள் பெரியவள். அடுத்து நின்றிருந்த சின்னவளுக்கு அது கேட்டது. திரை விலகியது. அவளும் உள்ளே போய்க் கையை நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஊசி போட்ட சில வாரத்தில், மதிய வேளையில், பெரியவள் ரோலர் முன்னால் சரிந்தாள். ஒரு இரட்டைக்கட்டில் விரிப்பின் முனையை அவள் பிடித்திருந்தாள். மறுமுனையைப் பிடித்திருந்தவளும் சேர்ந்து விழப் பார்த்தாள். விசில் விசிலை ஊதவில்லை, வாயாலேயே கத்தினார். விரிப்பு கொண்டுபோகும் வண்டியிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டிக்குள் சின்னவள் மடியில் அவள் தலை இருந்தது. கீழே வெள்ளை விரிப்புகளில் ரத்தம் இறங்கிக்கொண்டே போனது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். எத்தனை பேரை அன்றைக்குப் பார்த்திருந்தாரோ, கண் சிவந்திருந்தது. அதற்குள் மாமியாரும் வந்துவிட்டாள். பின்னாலேயே சின்னவளின் கணவன், கையில் கிரீஸைக்கூடத் துடைக்காமல்.

"எத்தனை நாளா ரத்தப்போக்கு?"

மாமியார் முந்திக்கொண்டாள். "ஊசி போட்டுக்கிறவ, டாக்டர். மாசத்துல ரெண்டு நாள் லேசா வரும், அவ்வளவுதான். கயித்துல துணியப் பாக்கறவ நான், எனக்குத் தெரியாம இந்த வீட்ல ஒண்ணும் நடக்காது. இன்னிக்குத்தான் இப்படி ஆயிருக்கு."

டாக்டர் தலையாட்டினார். "ஊசி போடறவங்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும். ரத்தம் நிக்கறதுக்கு மாத்திரை தரேன். சத்து டானிக்கும் எழுதறேன். அடுத்த ஊசி போட வேண்டாம். சரியாகலன்னா வாங்க." பேனாவைத் திறந்தார்.

சின்னவள் பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். கண் பாதி மூடியிருந்தது. ஆனால் விரல்கள் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தின. வேண்டாம் என்று அர்த்தம். இந்தப் பக்கம் கணவன் நின்றிருந்தான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. வீட்டில் அவள் மகள், பெரியம்மா வரும்போது ரிப்பன் வாங்கி வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வெள்ளைத் துணியும் அக்காவோடதுதான்" என்றாள்.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

"கயித்துல ரெண்டு பேர் துணி காயும். ரெண்டும் இவங்களோடதுதான். அது போக, லாண்டரியில தெனமும் அலசிக் காயவெப்பாங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. நின்னு போயி, பல வருஷம் கழிச்சுத் திரும்பி வந்த ரத்தம். நாத்தம் அடிக்குது. இடுப்பு வலி. இளைச்சுக்கிட்டே வராங்க." நர்ஸ் ஒப்பிப்பாரே, அந்த மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார். திரையை இழுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கையுறையைக் கழற்றியபடியே வந்தார். பெரிய டாக்டருக்குப் போன் செய்தார்.

மாமியார் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "வெள்ளை இவளோடதுல்ல?" என்றாள் காற்றைப் பார்த்து.

கணவன் கேட்டான். "அப்போ உனக்கு?"

"எனக்கு வரதில்ல. ஊசி போட்டுக்கிறேன்."

அவன் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தான்.

கருப்பை வாயில் புற்று. ரொம்ப தூரம் போய்விட்டது என்றார்கள். ஊசியால் வந்ததா என்று மாமியார் கேட்டாள். இந்த ரத்தம் ஊசியால் வந்ததில்லை, ஊசியால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் தப்பாகப் போயிற்று என்றார் பெரிய டாக்டர். 

சின்னவளின் மூட்டை வாசலுக்கு வரவில்லை. அண்ணியைத் தூக்கி உட்கார வைக்க, துடைத்துவிட, துணி மாற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதனால் கணவன் இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டான்: ஊசி நிற்க வேண்டும், இனிமேல் கயிற்றை அவனே பார்ப்பான். அவள் சரி என்றாள். மாடிக்குப் போய்ச் சிகரெட் பிடிக்கும் பழக்கம் அவனுக்கு அப்போதுதான் வந்தது.

பெரியவள் கடைசிவரை வாயைக் குறைக்கவில்லை. "லூசுப் பொண்ணே, சொல்லித் தொலைச்சிட்டியே. நம்ம நாடகம் இன்னும் ரெண்டு டப்பா தாங்கியிருக்கும்" என்றாள். லாரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அவனிடம், "உங்களை இத்தனை நாள் சேர்ந்தாப்ல பாத்ததே இல்ல. இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே படுத்திருப்பேன்" என்றாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஒரு மத்தியானம் சின்னவள் அவள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெரியவள் சிரிப்பில்லாமல் பேசினாள்.

"பயமா இருந்துச்சுடி. அதான் யார்கிட்டயும் காட்டல. உனக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது ஒரு சாக்கு. கேட்டுக்க."

அது உண்மையா, தன்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. கேட்க நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டாள். பிறகு கேட்க ஆள் இல்லை.

பெரியவள் போன பிறகு மாடிக் கயிற்றில் கோடும் இல்லை, வெள்ளையும் இல்லை. பிள்ளைகளின் உடுப்பு மட்டும் காய்ந்தது. கணவன் தினமும் ஏறிப் பார்த்தான். மாதங்கள் போயின.

"இன்னும் போட்டுக்கிறியா?"

"இல்ல. பழைய ஊசி உடம்புல இருக்கு. போறதுக்கு நாளாகும்."

"அதையும் நான் நம்பணுமா?"

 இந்தமுறை அவள் உண்மையைத்தான் சொன்னாள், அது எடுபடவில்லை. கடைசி ஊசியை அவளும் பெரியவளும் ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராக நின்று போட்டுக்கொண்டார்கள். பெரியவளின் உடம்பு போய்விட்டது. அன்றைய மருந்து இவள் உடம்பில் இன்னும் இருந்தது. சில சமயம் கையை மடக்கி ஊசி போட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

பிறகு ஒரு காலையில் வந்தது. குளியலறையில் துணியைத் தண்ணீரில் போட்டு அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல சிவப்பு. பச்சைத் தண்ணீர் பட்டதும் இழுத்துப் பிடிக்காமல் கரைந்தது. வாடை இல்லை, வளையம் இல்லை. கறை மேசையில் ஆயிரம் முறை பார்த்த ரத்தம். இதுதான் நிறம் என்று தெரிந்திருந்தும், அந்த வெள்ளைத் துணியை மாடியில் உதறிக் காயப் போட்டவள் அவள்தான். குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காமல் அழுதாள்.

வெள்ளைத் துணியைக் கயிற்றில் பார்த்த கணவன், பல மாதம் கழித்து அவளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். "பொண்ணுக்கும் துணைக்கு ஒண்ணு வேணும்ல" என்று மெதுவாகச் சொன்னான். கருப்பை தாங்காது என்று டாக்டர் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னாள். "இப்ப எவ்வளவோ நாளாச்சே" என்றான்.

அவன் வேலைக்குப் போனதும் மாமியார் மாடிக்கு வந்தாள். சின்னவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் மூச்சு வாங்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

"இன்னிக்கு நர்ஸ் வர நாளாமே?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியவ போன பிறகு நானும் நாள எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். போய்ப் போட்டுட்டு வா. மிச்சம் இருக்கறது ஒரு மருமக, அவளையும் வாரிக் குடுக்கத் தெம்பு இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "கயித்தப் பத்திக் கவலப்படாதே. மாசாமாசம் உன் வெள்ளைத் துணி ரெண்ட நனைச்சு நானே போட்டுடறேன். பழைய தடம் இருக்குல்ல. அவன் பாத்துட்டுப் போகட்டும். ஆம்பளைக்கு என்ன தெரியும்?"

சின்னவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். மாமியார் அதற்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். 

"வேண்டாம் அத்தை."

"ஏண்டி?"

"கயிறு காலியாவே இருக்கட்டும்."

"அவன் கேப்பான்டி."

"கேக்கட்டும்."

"வெளிய போன்னு சொல்லுவான். பொண்ண விட மாட்டான். அவனப் பெத்தவ சொல்றேன், செய்வான்."

"தெரியும் அத்தை" என்றாள் சின்னவள். துணியை மாமியாரிடம் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

அன்று திரைக்குப் பின்னால் நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சின்னவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எப்போது நின்றது, எப்போது திரும்ப வந்தது, என்ன நிறம், வாடை இல்லை என்பதுவரை. பின்னால் நின்றிருந்த பெண்கள், இவளுக்கு என்ன இன்றைக்கு என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்றும் சொன்னார். ஊசி போட்ட இடத்தை அவள் தேய்க்கவில்லை.

அடுத்த மாதம் கயிறு காலியாக இருந்தது. அதற்கு அடுத்த மாதமும். குழந்தையா, ஊசியா என்று கணவன் இன்னும் வாய் திறந்து கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் சின்னவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, கணவன் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. பாதிப் பின்னலில் அவள் கை நின்றது. பிறகு பின்னி முடித்து, பெரியம்மா வாங்கிக் கொடுத்த பழைய ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

மேலே காலடிச் சத்தம் நின்றுபோயிற்று. தீக்குச்சி உரசும் சத்தம் வரவில்லை.

உள் அறையிலிருந்து மாமியார் எழுந்து வந்தாள். சின்னவளைப் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியையும் திட்டாமல், மகனுக்குப் பின்னால் மெல்ல ஏறத் தொடங்கினாள்.